வரிசை அத்தான்

எங்கள் அத்தானுக்கு ஞானஸ்நானப் பெயர் என்று ஒன்று இருந்தது. அதைக் கல்யாணப் பதிவேட்டில் ஒரு தடவையும் அடக்கப் பதிவேட்டில் ஒரு தடவையும் எழுதியதோடு சரி. மற்றபடி கோயிலில் எல்லோருக்கும் அவர் 'வரிசை'தான். "வரிசை எங்கே?", "வரிசைகிட்ட சாவி வாங்கு", "வரிசை பாத்தா திட்டும்" என்றுதான் பேச்சு நடக்கும். நான் அவருக்கு மச்சினி என்பதால் அத்தான் என்பேன். கோபம் வந்தால் நானும் வரிசை என்பேன்.

அவர் போய் நாலு மாதம் ஆகிறது. அடக்க ஆராதனையில் பேசிய புதுப் போதகர் 'அமைதியான, அடக்கமான ஊழியர்' என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான் அமைதியான ஆள் கிடையாது. அடக்கமும் கிடையாது. வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனுஷன். தெரியாதவர்கள் எல்லாம் சேர்ந்து அவரைச் சாதுவாக்கிவிடுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கோயிலில் அவர் பணியாள். மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்து மூடுவது, ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பது எல்லாம் அவர் வேலை. கோயிலுக்குப் பின்சுவரை ஒட்டி இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைக்கடியில் பிள்ளைகளின் புத்தகப் பைகள். பின்னறையில் அடுப்பு, அலமாரி, மிச்ச எல்லாம். உள்ளே யாராவது ஆர்கனில் கனத்த சுரத்தை அழுத்தினால் அலமாரித் தட்டுகள் கலகலவென்று ஆடும். "பாட்டு ஆரம்பிச்சாச்சு, தட்ட எடுத்து வைங்கடி" என்று அக்கா கத்துவாள். அந்த வீட்டில் அக்கா, அத்தான், மூன்று பெண் பிள்ளைகள், அப்புறம் நான். அம்மா செத்ததும் அக்காவோடு இருக்க வந்தவள், சபை அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து அங்கேயே ஒட்டிக்கொண்டேன். பத்து வருஷம். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு நெருக்கடியான இடத்தில் நான் இருந்ததில்லை, அவ்வளவு சிரித்ததும் இல்லை. இன்றைக்கும் ஆர்கன் சத்தம் கேட்டால் என் கை தட்டுகளைத் தேடுகிறது.

வரிசை என்பது சனிக்கிழமை வரிசை. எப்போதோ ஒரு பணக்கார அம்மாள் எழுதி வைத்துவிட்டுப் போன சொத்தின் வருமானத்திலும், சபையார் போடுகிற காணிக்கையிலும், வாரம் ஒரு தடவை ஏழைகளுக்கு ஒரு பை கொடுப்பார்கள். அரிசி, பருப்பு, ஒரு சோப்புக்கட்டி. அத்தான் வேலைக்கு வருவதற்கு முன்னால் அது வரிசையே இல்லையாம், முண்டியடிப்பாம். பலசாலி இரண்டு பை வாங்கிப் போவான், கைப்பிள்ளைக்காரி வெறுங்கையோடு போவாள். அத்தான் வந்ததும் தகரத்தை வெட்டி அறுபது வில்லை செய்தார். ஒவ்வொன்றிலும் ஆணியால் எண் பொறித்தார். ஆளுக்கொரு வில்லை. எப்போதும் ஒரே எண் முதலில் வரக்கூடாது என்று வாரா வாரம் தொடக்க எண்ணை மாற்றினார். வெயிலில் யாரும் நிற்கக் கூடாது என்று மண்டபத்து பெஞ்சுகளை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போகலாம் என்று ஒரு விதி. வில்லைப் பதிவேடு என் மேசையில் இருக்கும். யாராவது செத்தால், ஊர் மாறினால், காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு அந்த எண்ணை நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

அந்த வரிசையில் அத்தானுக்கு இருந்த கர்வம் சொல்லி மாளாது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் போல நடப்பார். "பன்னண்டு, உம் பேரனுக்கு பல்லு மொளச்சிடுச்சா? முப்பத்தஞ்சு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, மருமக வந்துட்டாளா?" என்று ஒவ்வொருவரையும் சீண்டிக்கொண்டே பையை நீட்டுவார். என் டைப் மெஷின் ஜன்னலோரம் இருந்தது. வெளியிலிருந்தே, "என்ன மேடம், மெஷின் இன்னைக்கு யார் மேல கோவமா அடிக்குது?" என்று கேட்பார். "வரிசைன்னு ஒருத்தர் மேல" என்பேன். மொத்த வரிசையும் சிரிக்கும். ஏழைகளுக்கு ஒருத்தர் செய்யக்கூடியது இதற்கு மேல் ஒன்றுமில்லை என்று அவர் நம்பினார். நானும்தான்.

வந்தது வினை. ஒரு வருஷம் விலைவாசி ஏற, காத்திருப்போர் பட்டியல் வில்லைகளை விட நீண்டுவிட்டது. சபைச் செயலருக்கு ஊரில் மூன்று லாண்டரி. நல்ல குரல், நல்ல சட்டை, நீளமான ஜெபம். அவர் கமிட்டியில் சொன்னார்: "வேலை செய்யறவங்களும் வந்து பை வாங்கறாங்க. உண்மையான ஏழைக்குப் போய்ச் சேரல. யாருக்கு வேலை இருக்கு, எங்க வேலை, எல்லாம் விசாரிச்சு ஒரு லிஸ்ட் எடுங்க. வேலை இருக்கறவங்கள நீக்கிடலாம். அடுத்த மாசம் பொதுக்கூட்டத்துல வாசிச்சு முடிவு பண்ணிடலாம்."

அத்தானுக்கு இது தேனாக இனித்தது. நியாயம்தானே என்றார். வேலை இருக்கிறவன் இல்லாதவன் பங்கைத் தின்கிறானே என்று சாப்பாட்டு நேரத்தில் முழங்கினார். அக்கா குழம்புச் சட்டியோடு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டேன். அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டோடு பெஞ்சு பெஞ்சாகப் போனார். எண், வேலை, வேலை செய்யும் இடம் என்று மூன்று பத்தி. இருபத்தேழாம் எண் எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற அம்மா. வெண்கலத் தொண்டை. அதனால் அவளுக்குப் பெயரே வெண்கலம். அவளிடம், "வேலை இருக்கில்ல, அப்புறம் எதுக்கு வர்ற?" என்று அதட்டினார்.

"வேலை இருக்கறதாலதான் வர்றேன்" என்றாள் வெண்கலம். "வேலை இல்லாட்டி இங்க வர பஸ்ஸுக்குக் காசு ஏது?"

வரிசை கொல்லென்று சிரித்தது. அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

அந்த நோட்டை நான்தான் டைப் அடித்தேன். அடிக்க அடிக்க என் விரலுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிற்று. பார்க்காமலே மூன்றாவது பத்தியை அடிக்க முடிந்தது. லாண்டரி. சபைப் பள்ளி. லாண்டரி. டாக்டர் ஐயா வீடு. சபைப் பள்ளி. லாண்டரி. பொருளாளர் பேக்கரி. அறுபது பேரில் நாற்பத்தாறு பேருக்கு வேலை இருந்தது. அந்த நாற்பத்தாறு பேரும் ஞாயிற்றுக்கிழமை முன் பெஞ்சுகளில் உட்காருகிற பத்துப் பன்னிரண்டு பேரிடமோ, சபையிடமோதான் வேலை செய்தார்கள். எங்கள் வேலைக்காரர்களே எங்கள் தர்மத்தை வாங்க எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை கொடுக்கிற பை, மற்ற ஆறு நாளும் அவர்களிடமிருந்து எடுத்ததில் ஒரு பிடி. இருபது வருஷமாக இது யார் கண்ணிலும் படவில்லை. எண்ணாகப் பார்த்தோம், முகமாகப் பார்த்தோம், எங்கே வேலை என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

தாளைக் காட்டினேன். அத்தான் மூன்றாவது பத்தியை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனார். மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். "நாப்பத்தொண்ணு மட்டும் காலியா இருக்கே" என்றார் கடைசியில்.

நாற்பத்தொன்று, பதிவேட்டின்படி படுத்த படுக்கை. பையை வெண்கலம் வாங்கிப் போவாள். ஆளை நேரில் பார்த்து எழுதிக்கொள்கிறேன், வீடு எங்கே என்று அடுத்த வாரம் அவளிடம் கேட்டார். வெண்கலத்தின் தொண்டை அன்று இறங்கிப்போயிற்று. "ரொம்பத் தூரம்" என்றாள். எந்தத் தெரு என்றார். "எனக்குப் பேர் தெரியாது" என்றாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் வில்லைப் பதிவேட்டை மூடி மேசைக்குள் தள்ளினேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தான் பொரிந்து தள்ளினார். "நாப்பத்தொண்ணுன்னு ஒரு ஆளே கிடையாது! வெண்கலம் ரெண்டு பை வாங்கி ஒண்ண வித்துத் திங்குது. திங்கக்கிழமை அவ வில்லையவே பிடுங்கிடறேன். திருட்டுக் கழுதை."

அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவளத் திட்டாதீங்க. நாப்பத்தொண்ணு என்னோடது."

"என்னது?"

"ஏழு வருஷமா வாங்கறேன். மூணாவது பொறந்ததுலேருந்து. நீங்க இப்பச் சாப்பிடறது அதுதான்."

பிள்ளைகள் மூவரும் அப்பாவைப் பார்த்தார்கள். சம்பளக் கவரை அப்படியே அக்கா கையில் கொடுத்துவிட்டு, அதோடு வீட்டைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று நினைக்கிற ஆண் வர்க்கம்தான் அத்தானும். கவரில் இருப்பது மாதத்தின் இருபதாம் தேதியைத் தாண்டாது என்று அவருக்குத் தெரியாது. என் சம்பளத்தில் பாதி ஊரில் அப்பாவின் மருந்துக்குப் போனது. மீதி அந்த வீட்டில் எந்த மூலைக்கு? அக்கா அழுதுகொண்டு என் மேசைக்கு வந்த நாளில் நான்தான் பதிவேட்டில் 'படுத்த படுக்கை' என்று பொய் எழுதினேன். அதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

அத்தான் தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தார். "உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. பத்து வருஷத்தில் அந்த நாலு நாள் மட்டும்தான்.

அந்த நாலு நாளும் அவர் போதகர் வீட்டுக்குப் போய்வந்தார். நாற்பத்தொன்று யார் என்பதையும் அங்கே சொல்லியிருக்கிறார். போதகர் நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். அத்தான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயா, தர்மம் செய்யறதப் பத்தி மாசத்துக்கு ஒரு பிரசங்கம் கேக்கறேன். கூலியப் பத்தி வேதத்துல ஒண்ணுமே இல்லியா?" போதகர் பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். இருக்கிற இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அத்தான் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பழைய பஸ் டிக்கெட்டைச் செருகினார். செருகிச் செருகி வேதப்புத்தகம் உப்பிப்போய் மூட மறுத்தது. ஐந்தாம் நாள் அதை என் மேசையில் தொப்பென்று போட்டார்.

"பாரு. இத்தனை இடத்துல இருக்கு. இருபது வருஷமா இந்தப் பக்கமெல்லாம் தாண்டிக் குதிச்சுப் போயிருக்கோம்" என்றார். "நான் என்ன பண்ணியிருக்கேன் தெரியுமா? அநியாயத்துக்கு பெஞ்சு போட்டுக் குடுத்திருக்கேன்."

பேசிவிட்டாரே என்ற சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னது அப்புறம்தான் உறைத்தது.

விஷயம் போதகர் வழியாகச் செயலர் காதுக்கு எட்டியது. அலுவலகத்துக்கே வந்தார். என் மேசையோரம் நின்று, குரலை உயர்த்தாமல் பேசினார். அவர் எப்போதும் குரலை உயர்த்தியதில்லை. "அந்த மூணாவது பத்தி வேண்டாம்மா. யார் எங்க வேலை பாக்கறாங்கங்கறது சபைக்கு எதுக்கு? இருக்கு, இல்லைன்னு மட்டும் போட்டுத் திருப்பி அடிச்சுடுங்க." பிறகு அத்தானைப் பார்த்தார். "உங்க வீட்டு விஷயம் போதகர் சொன்னார். மனசுக்குக் கஷ்டமா இருந்தது. தனியா ஏதாவது செய்யறேன். அத நாம நமக்குள்ள வெச்சுக்கலாம். பத்தியோட வாசிச்சீங்கன்னா, அந்த ரெண்டு ரூம் சபையோட ரூம்ங்கறத மறந்துடாதீங்க."

அவர் போன கையோடு நான் புதுத் தாளை மெஷினில் மாட்டினேன். ஆமாம், மாட்டினேன். மூன்று பெண் பிள்ளைகளோடு தெருவில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தான் தாளைத் திருகி வெளியே எடுத்தார். "இரு. அவகிட்டக் கேக்கணும்" என்றார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். அத்தான் கட்டில் நுனியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். வாசித்தால் வீடு போகும். வாசிக்காவிட்டால் நாற்பத்தாறு பேருக்கும் பை நின்றுபோகும், வெண்கலத்துக்கும்தான். வாசிக்கிறதாக இருந்தால் நாற்பத்தொன்றை மட்டும் மறைக்க முடியாது, மறைத்தால் மற்றவர்களைப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்றார். "எல்லாருக்கும் நம்பர் மட்டும்தான் வாசிப்பேன். ஆனா உன்னச் சொல்லித்தான் ஆகணும். நீ வேண்டாம்னா விட்டுடறேன்."

அக்கா அந்த மடிப்பை முடித்தாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள். அவளுக்கு மானம்தான் எல்லாம். கிழிந்த பாவாடையை வெளிக்கொடியில் காயப்போட மாட்டாள். அதற்காகவே ஏழு வருஷம் வெண்கலம் வழியாக வாங்கினாள்.

"என்ன எதுக்குச் சொல்லணும்?" என்றாள். "உங்களச் சொல்லுங்க. சம்பளம் உங்களுக்குத்தானே பத்தல?"

ஏழு வருஷம் தன்னுடையது என்று சுமந்த வெட்கத்தை அவள் அந்த ஒரு நிமிஷத்தில் அதற்குரிய இடத்தில் இறக்கி வைத்துவிட்டாள். அத்தான் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தார். என் அக்காவை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

பொதுக்கூட்டம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடந்தது. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. காபி குடித்துவிட்டு வந்து எல்லோரும் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பேர் வாசிக்க மாட்டேன். நம்பர்தான்" என்று ஆரம்பித்தார். "ஒண்ணு. துணி தேய்க்கிற வேலை. லாண்டரி. ரெண்டு. வேலை இல்ல, கண்ணு தெரியாது. மூணு. பாத்திரம் கழுவற வேலை. டாக்டர் ஐயா வீடு. நாலு. லாண்டரி. அஞ்சு. சபைப் பள்ளிக்கூடம்..."

பத்தாம் எண் வரைக்கும் யாரோ சிரித்தார்கள், அவர் வாசிக்கிற தோரணைக்கு. பதினைந்தில் சிரிப்பு நின்றது. இருபதில் ஆட்கள் முன் பெஞ்சுகளைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். செயலர், "போதும், புரிஞ்சுது, உக்காருங்க" என்றார். அத்தான் வாசித்துக்கொண்டே இருந்தார். டாக்டர் வீட்டு அம்மா கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார். நான் அவர்களை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சனிக்கிழமைக்குக் காணிக்கை போடத் தவறாதவர்கள்.

"நாப்பத்தொண்ணு" என்றார் அத்தான். "மணி அடிக்கிற வேலை. வேலை பாக்கற இடம் இந்தக் கோயில். இது நான்தான்."

அப்புறம் அறுபது வரைக்கும் வாசித்தார். தாளை மடித்தார். "வேலை இருக்கறவங்கள வரிசையிலேருந்து எடுக்கச் சொன்னீங்க. சரியான பேச்சு. எடுத்துடலாம். ஆனா அத நான் செய்ய முடியாது. வேலை குடுத்தவங்கதான் எடுக்க முடியும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. விஷயம் கமிட்டிக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று நான்தான் குறிப்பு எடுத்தேன். யாருடைய வில்லையும் பறிபோகவில்லை, அதைத் தொட யாருக்கும் துணிவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் அத்தானுக்கு வேலையும் வீடும் போயின. சபைப் பதிவுகளைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று காரணம். பதிவில் பொய் எழுதிய என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை, டைப் அடிக்க வேறு ஆள் இல்லை. நானும் விலகவில்லை. அதை நான் எனக்கே சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தோம். அத்தானுக்கு பஸ் ஷெட்டில் காவல் வேலை கிடைத்தது. அக்கா தையல் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி ரவிக்கை தைத்தாள். ஆர்கன் சத்தம் இல்லாத வீடு எனக்குப் பல நாள் வீடாகவே தோன்றவில்லை. அத்தான் மட்டும் ஞாயிறு தவறாமல் அதே கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். "நான் எதுக்குடி வெக்கப்படணும்? என்னப் பாத்து அவங்க வெக்கப்படட்டும்னுதான் போறேன்" என்றார்.

பட்டார்கள். முதலில் டாக்டர் வீட்டு அம்மா. மூன்றாம் எண்ணின் சம்பளத்தைக் கூட்டினார். மூன்றாம் எண் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்து பேக்கரி. போதகர் பயந்துகொண்டேதான், ஆனாலும் கூலியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். செயலர் வேறு சபைக்கு மாறிப்போனார், லாண்டரிப் பெண்கள் வரிசையிலேயே இருந்தார்கள். எல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் இரண்டாம் வருஷப் பொதுக்கூட்டத்தில், சபையிடமும் சபைப் பள்ளியிடமும் வேலை செய்கிற யாருக்கும் ஒரு குடும்பம் மாதம் முழுக்கச் சாப்பிடப் போதாத சம்பளம் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். அதை டைப் அடித்தவள் நான். வெண்கலத்தின் சம்பளம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. புதிதாக வந்த கோயில் பணியாளின் சம்பளமும்தான். சின்னப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம், கைக்குழந்தை.

அந்தத் தொகையை அத்தானிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டின்போது சொன்னேன். அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடி சக்கை! யார் வாங்கினா என்ன, அது என் சம்பளம்டி!" என்று பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொன்னார். இன்னொரு கரண்டி போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு வரிசைக்கு வர்றாளா?" என்று கேட்டாள்.

"எந்தப் பொண்ணு?"

"நம்ம வீட்டுல இப்ப இருக்கறவ. கைக்குழந்தைக்காரி."

"வர்றதில்ல" என்றார் அத்தான். "தீர்மானம் போட்டதுலேருந்து, ஷெட்டுல லீவு சொல்லிட்டு, நாலு சனிக்கிழமை கோயில் வாசல்ல நின்னு பாத்துட்டேன். அவளும் வரல, அவளுக்காக யாரும் வாங்கவும் இல்ல."

வீட்டைக் காலி செய்த அன்றுகூட அழாத அக்கா, கரண்டியைக் கையில் பிடித்தபடியே அழுதாள்.